நெய்யூர் டாக்டர் சோமர்வெல்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுங்கால், தமிழ்ப் புலவரையோ, நாட்டுத் தொண்டரையோ, கலைவாணரையோ தேர்ந்துகொள்வது பொதுவாக நம்மவர் மரபு. இம்முறை நாம் எடுத்துக்கொண்டவர் பிறப்பால் தமிழர் அல்லர். கடல் கடந்து வந்த ஆங்கிலேயர். எனினும் நம் காலனிக் குடும்பங்களுள் பாறசாலை, இஞ்சிவிளை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்ப் பக்கத்திலிருந்து பெயர்ந்து வந்தோர் எவர் வீட்டிலும் இப்பெயர் ஒருமுறையேனும் ஒலித்திருக்கும். பாட்டனாருக்குக் குன்ம நோய் தீர்ந்தது எங்கே, பெரியம்மையின் கன்னத்துப் புண்ணை அறுத்தது யார் என்று கேட்டால், முதியோர் நெய்யூர் என்றே விடை கூறுவர். அந்த நெய்யூரை மருத்துவ உலகம் அறியச் செய்தவர்களுள் தலையாயவர் டாக்டர் தியோடர் ஹோவர்டு சோமர்வெல்.

இக்கட்டுரையில் அவரது தொண்டுள்ளத்தை மட்டும் போற்றி அமைய நாம் விரும்பவில்லை. அதனைப் பலர் முன்னரே போற்றியுள்ளனர். தேர்ந்த மருத்துவர் ஒருவரின் கண்ணும் கையும் எவ்வாறு கற்கின்றன, பல்லாயிரம் நோயாளரைக் கண்டபின் அவர் உள்ளத்தில் எது தங்குகிறது, எது மறைகிறது, அந்தத் தேர்ச்சியே எங்கேனும் அவர் பார்வையை மறைப்பதும் உண்டோ என்பன போன்ற வினாக்களுக்கு அவரது வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டு. நம் பிள்ளைகளுள் பலர் மருத்துவம் பயில்கின்றனர். பயில விழைவோர் அவரினும் பலர். ஆகலின் அவ்வழியே செல்வோம்.

சோமர்வெல் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் இங்கிலாந்தின் வடபகுதியில் ஏரிகளும் குன்றுகளும் சூழ்ந்த கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பத்தார் காலணித் தொழிற்சாலை நடத்திய செல்வர். ரக்பி பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்று, இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவக் கல்வியை முடித்தார். இளமையிலேயே மலையேற்றத்திலும் ஓவியத்திலும் இசையிலும் அவருக்குத் தணியாத ஆர்வம் உண்டு.

கல்வி முடிந்த கையோடு முதல் உலகப் போர் அவரை விழுங்கிக்கொண்டது. பிரான்ஸ் நாட்டுப் போர்முனைக்குப் பின்னால், காயமுற்றோரை முதலில் கொண்டுவந்து சேர்க்கும் முகாம் மருத்துவமனை ஒன்றில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். 1916-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சோம் போர் தொடங்கியது. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் மாண்டோரும் காயமுற்றோரும் ஐம்பத்தேழாயிரத்துக்கு மேல். முகாமில் இருந்த அறுவை மருத்துவரோ விரல் விட்டு எண்ணத்தக்கவர். பல ஏக்கர் பரப்பில் தூக்குப் படுக்கைகளில் வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்த இளைஞர்களிடையே நடந்து, இவனை அறுத்தால் பிழைப்பான், இவனுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை, இவன் நாளை வரை பொறுப்பான் என்று சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. முறை கடந்து தம்மை முதலில் கவனிக்குமாறு அவ்விளைஞர் எவரும் கேளாதது அவர் நெஞ்சை வாழ்நாள் முழுதும் உலுக்கியது. போரை அறவே வெறுக்கும் மனத்தினராக அவர் ஊர் திரும்பினார்.

அந்தக் கொடிய பள்ளியில் அவர் பெற்ற பயிற்சி வேறு எங்கும் கிட்டாதது. நூலில் படித்த இலக்கணத்தை ஒன்றன்பின் ஒன்றாக நினைவுகூர அங்கு நேரம் இல்லை. முகத்தின் வெளிறல், நாடியின் ஓட்டம், வயிற்றின் இறுக்கம், மூச்சின் போக்கு என யாவும் சேர்ந்து ஒரே தோற்றமாகக் கண்ணில் பட வேண்டும். அத்தோற்றமே செய்யவேண்டியதையும் உடன் சொல்ல வேண்டும். நெய்யூரில் பின்னாளில் காலை நேரத்தில் திண்ணையும் முற்றமும் நிரம்ப நோயாளர் காத்திருந்தபோது இந்தப் பயிற்சியே அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்று நாம் கருதுகிறோம்.

1922-இல் எவரெஸ்டுச் சிகரத்தை ஏறிக் காணும் நோக்கோடு சென்ற முதல் பிரிட்டிஷ் குழுவில் சோமர்வெல் இடம்பெற்றார். அவ்வாண்டு மே மாதத்தில் மல்லரி, நார்ட்டன் ஆகியோருடன் செயற்கை உயிர்வளியின் துணையின்றி 26,985 அடி உயரம் வரை ஏறினார். அதுகாறும் மனிதர் எவரும் அவ்வுயரத்தை எட்டியதில்லை. ஆனால் ஜூன் 7-ஆம் நாள் பனிச்சரிவில் சிக்கிச் சுமை தூக்கி வந்த எழுவர் மாண்டனர். தம் நாட்டவர் ஒருவரேனும் அவர்களோடு மாளவில்லையே என்று சோமர்வெல் பெரிதும் நொந்தார். வெற்றியாக முடிந்த ஏற்றங்களைக் காட்டிலும் இந்நிகழ்ச்சியே அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

மலையிலிருந்து இறங்கியவர் நேரே தாயகம் செல்லாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். வடக்கே தொடங்கிய அப்பயணம் தெற்கே திருவாங்கூரின் கோடியில் நெய்யூரில் வந்து நின்றது. அங்கு லண்டன் மிஷன் மருத்துவமனையில் டாக்டர் பியூ என்பவர் தம் ஆற்றலுக்கு மேற்பட்ட பணியில் தனியராய் உழன்றுகொண்டிருந்தார். நாள்தோறும் அறுவைக்குக் காத்திருந்தோர் கூட்டம் குறைந்தபாடில்லை. விருந்தினராக வந்தவர் கத்தியை எடுத்தார். சில நாள் உடனிருந்து அறுவை செய்தார். தாம் சென்றுவிட்டால் இம்மக்களுள் பலருக்கு வேறு கதி இல்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று. லண்டனில் தாம் பயின்ற மருத்துவமனையிலேயே சிறந்த பதவி ஒன்று அவருக்குக் காத்திருந்தது. அதனைத் துறந்து 1923-இல் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். அடுத்த இருபதாண்டுகளுக்கும் மேலாக அவ்வூரே அவர் ஊர்.

நெய்யூர் மருத்துவமனையின் வரலாறு அவருக்கு நெடுங்காலம் முற்பட்டது. 1838-இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்பார் அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860-களில் ஜான் லோ என்பார் உள்ளூர் இளைஞர்களைத் திரட்டி மருத்துவம் கற்பித்தார். அவ்வாறு பயின்றோர் கிளை மருத்துவமனைகளில் அமர்ந்து ஊர் ஊராகப் பணி செய்தனர். வெளிநாட்டு மருத்துவர் ஓரிருவராலேயே இப்பணி முழுவதும் நடந்தது என்று எண்ணுவோர் இதனை மறந்துவிடலாகாது.

அந்நாளில் இப்பொழுதுள்ள எல்லை இல்லை. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும், விளவங்கோடும் கல்குளமும் எல்லாம் ஒரே திருவாங்கூர். நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளைப் பாலம் கடந்து, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், அழகியமண்டபம், திங்கள்சந்தை வழியாக நெய்யூர் சேர வேண்டும். இன்று அவ்வழியே ஓடும் இருப்புப்பாதை 1979-இல்தான் திறக்கப்பட்டது. ஆதலின் வில்வண்டியிலும், பின்னர்ப் பேருந்திலும், வசதியற்றோர் கட்டிலில் வைத்துத் தூக்கியும் நோயாளரைக் கொண்டு சேர்த்தனர். உடன் சென்ற சுற்றத்தார் பானையும் அரிசியும் எடுத்துச் சென்று அங்கேயே பொங்கி உண்டு நோயாளரைப் பேணினர். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இம்மக்களிடம் நோயின் வரலாற்றைக் கேட்டறியச் சோமர்வெல் தமிழ் கற்றுக்கொண்டார். வலி என்பதற்கு நம் எல்லைப்புற மக்கள் வழங்கும் சொற்கள் எத்தனை! எரிச்சல், கடுப்பு, குத்து, குடைச்சல், இழுப்பு என்று அவர்கள் வேறுபடுத்திச் சொல்வதைக் காதால் பிரித்துணர்வதும் மருத்துவரின் தேர்ச்சியில் ஒரு பகுதியே.

1924-இல் எவரெஸ்டுக் குழு மீண்டும் அவரை அழைத்தது, நெய்யூரிலிருந்தே சென்றார். மே 24-ஆம் நாள் பனிச்சரிவின் மேல் சிக்கிக்கொண்ட சுமையாளர் நால்வரை மீட்க நார்ட்டன், மல்லரி ஆகியோருடன் ஏறினார். கயிற்றின் நீளம் போதாமற் போகவே, தம் இடுப்பிலிருந்த கட்டை அவிழ்த்து, ஒரு கையால் கயிற்றின் நுனியைப் பற்றியபடி மறு கையை நீட்டி அவர்களை ஒவ்வொருவராக இழுத்துக் கரை சேர்த்தார். ஜூன் 4-ஆம் நாள் நார்ட்டன் 28,126 அடி வரை சென்றார். தொண்டைப் புண்ணால் மூச்சு விட இயலாத சோமர்வெல் சற்றுக் கீழே நின்றுவிட்டார்.

இறங்கும் வழியில் நேர்ந்ததே நம் பொருளுக்கு உரியது. இருமலோடு தடுமாறி வந்தவரின் தொண்டையில் ஏதோ ஒன்று பெயர்ந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. உள்ளே இழுக்கவும் இயலவில்லை, வெளியே தள்ளவும் இயலவில்லை. முன்னே சென்ற நார்ட்டனைக் கூவி அழைக்கக் குரலும் இல்லை. முடிவு வந்ததென்று பனியில் அமர்ந்தார். பின்னர் இரு கைகளாலும் மார்பை அழுத்தி, எஞ்சிய வலிமை முழுவதையும் கூட்டி ஒருமுறை உந்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. உடன் குருதியும் வந்தது. பல நாள்களாகத் தாம் பட்ட துன்பத்துக்குக் காரணம், கடுங்குளிரால் உறைந்து அழுகிய குரல்வளையின் உட்தோலே என்று அவர் பின்னர் விளக்கினார். மூச்சடைத்துக் கிடந்த அந்த நிலையில் அவர் எந்த நூலையும் நினைத்திருக்கமாட்டார். அடைபட்ட குழலுக்குப் பின்னாலுள்ள காற்றை நெருக்கினால் அடைப்பு முன்னே தள்ளப்படும் என்ற அறிவு அவர் கைகளிலேயே இருந்தது. இதே நெறியைக் கொண்டு, தொண்டையில் உணவு அடைத்தவரை மீட்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஹைம்லிக் 1974-இல்தான் உலகுக்கு அறிவித்தார்.

நான்கு நாள் கழித்து, ஜூன் 8-ஆம் நாள், மல்லரியும் இர்வினும் சிகரத்தை நோக்கிச் சென்று மறைந்தனர். மல்லரி எடுத்துச் சென்ற நிழற்படக் கருவி சோமர்வெல் இரவல் கொடுத்தது. 1999-இல் மல்லரியின் உடல் கண்டெடுக்கப்பட்டபோது அக்கருவி அவரிடம் இல்லை. சோமர்வெல்லோ நெய்யூர் திரும்பிப் பழையபடி பணியில் மூழ்கினார். 1925-இல் மார்கரெட் ஹோப் சிம்சன் அம்மையாரை மணந்தார்.

நெய்யூரில் அவர் கண்ட நோய்களுள் முதன்மையானது குன்மம். இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் உண்டாகும் இப்புண், தென்திருவாங்கூரில் உலகின் மற்றப் பகுதிகளைவிட மிகுந்து காணப்பட்டது. உழைத்து உண்ணும் ஆடவரே பெரும்பாலும் ஆளாயினர். வயிறு காலியாகும்போது வலி; உண்டால் தணியும்; சில மணி நேரத்தில் மீண்டும் வரும். ஆண்டுகள் செல்லச் செல்லப் புண் ஆறித் தழும்பாகிப் பாதை சுருங்கும். காலையில் உண்டதை மாலையில் வாந்தி எடுப்பர். உடல் எலும்புக் கூடாகும். படுக்க வைத்து அசைத்தால் வயிற்றுக்குள் குடத்து நீர் அலம்புவது போலச் சலசலப்புக் கேட்கும். ஒட்டிய வயிற்றின் மேல் இரைப்பை அலை அலையாக நெளிந்து செல்வதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு முறை கண்ட மாணவன் இவற்றை ஒவ்வொன்றாக எழுதி வைப்பான். ஆயிரம் முறை கண்ட மருத்துவருக்கோ நோயாளர் வாயிலில் நுழையும்போதே, அவர் வயிற்றைப் பற்றி நடக்கும் நடையிலேயே, பாதி தெரிந்துவிடும்.

இங்குச் சிறிது விலகிச் செல்வோம். நம் எல்லைக் கிராமங்களில் வர்ம ஆசான்கள் இருந்தனர். சிலர் இன்றும் உள்ளனர். வர்மம் 108, அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று மாணாக்கர் பாடல்களாக மனப்பாடம் செய்வர். புதிதாகக் கற்ற மாணாக்கனை எழுப்பிக் கேட்டால் பிசகாமல் ஒப்பிப்பான். முதிர்ந்த ஆசானைக் கேட்டால் இடையில் இரண்டோர் அடி விட்டுப்போகும். ஆனால் அடிபட்டு மயங்கியவனைக் கண்டதும் அவர் விரல் தானாக உரிய இடத்திற் சென்று நிற்கும். இதை வைத்து ஆசானுக்கு ஞாபகம் குன்றிவிட்டது என்று சொல்வாரும் உளர். அவர் ஞாபகம் குன்றவில்லை. அது வேறு உருவம் கொண்டது.

இக்கருத்துக்கு அறிஞர் உலகிலும் சான்று உண்டு. சதுரங்க வல்லுநருக்கு ஆட்டத்தின் நடுவே உள்ள பலகையைச் சில நொடிகள் காட்டி மறைத்தால் காய்களை அப்படியே திரும்ப வைத்துவிடுவார் என்பதை ஹாலந்து நாட்டு டி குரூட் ஆராய்ந்து கண்டார். காய்களை ஒழுங்கின்றித் தாறுமாறாக வைத்துக் காட்டினால் வல்லுநரின் சிறப்பு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்று 1973-இல் சேஸ், சைமன் ஆகியோர் நிறுவினர். நினைவாற்றல் பொதுவாக வளர்வதில்லை. பொருளோடு கூடிய வடிவங்களே நெஞ்சில் சேர்கின்றன. மருத்துவத்திலோ இன்னும் வியப்பான முடிவு கிடைத்தது. நோயாளர் ஒருவரின் வரலாற்றைப் படிக்கக் கொடுத்துப் பின்னர் நினைவிலிருந்து எழுதச் சொன்னால், முதிர்ந்த மருத்துவரைவிடப் படிப்பை முடிக்கும் தறுவாயிலுள்ள மாணவரே மிகுதியாக எழுதுகின்றனர். நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பதிலோ மருத்துவரே முந்துகின்றார். ஹாலந்து அறிஞர் ஷ்மிட், போஷூய்சன் ஆகியோர் 1993-இல் இதற்கு விளக்கம் தந்தனர். பல நுண்செய்திகளை மருத்துவர் ஒரு கருத்துக்குள் மடித்து வைத்துக்கொள்கிறார். ஆகவே தனித்தனி விவரம் அவருக்குத் தேவைப்படுவதில்லை என்பது அவர்கள் கொள்கை.

மற்றொன்றும் உண்டு. 1978-இல் எல்ஸ்டைன் குழுவினர் அமெரிக்காவில் மருத்துவர்கள் சிந்திக்கும் முறையை ஆராய்ந்து, தேர்ந்தவரும் மற்றவரும் நோயாளரைக் கண்ட சில நிமிடங்களிலேயே ஊகங்கள் சிலவற்றை அமைத்துக்கொள்கின்றனர் என்றும், ஒரு நோயில் வல்லவர் மற்றொன்றிலும் வல்லவராய் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை என்றும் அறிந்தனர். தேர்ச்சி என்பது எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் திறவுகோல் அன்று. அவரவர் கண்ட நோயாளரின் தொகையே அவரவர் தேர்ச்சி. நெய்யூரின் குன்மமும் கன்னப் புற்றும் சோமர்வெல்லை உருவாக்கின. லண்டனிலேயே இருந்திருந்தால் அவர் வேறொரு மருத்துவராகவே ஆகியிருப்பார்.

குன்மத்துக்கு அவர் செய்த அறுவை, இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்து, அடைபட்ட பாதையைத் தவிர்ப்பது. மேனாட்டார் இரைப்பையின் பெரும்பகுதியையே வெட்டி எடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அரைப் பட்டினியில் வாடிய நம் மக்கள் அவ்வளவு பெரிய அறுவையைத் தாங்குவது அரிது. எனவே இரைப்பைக்குச் செல்லும் முக்கியக் குருதிக் குழாய்களைக் கட்டி அமிலச் சுரப்பைக் குறைக்கும் முறை ஒன்றை வகுத்து, 1945-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார். நோயாளரின் உடல்நிலையை முன்வைத்து அறுவையைத் திருத்திக்கொண்ட இச்செயலையே அவருடைய மருத்துவத் திறனின் உச்சி என்று நாம் மதிக்கிறோம், எவரெஸ்டு இரண்டாவதுதான்.

ஆயினும் நோய் ஏன் இங்கு மிகுந்தது? குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திய மெக்காரிசன், திருவாங்கூர் ஏழை மக்கள் உண்ணும் மரச்சீனி உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்ததில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றுக்கு வயிற்றுப் புண் உண்டாயிற்று. பஞ்சாபியர் உண்ணும் கோதுமை, பால் உணவு பெற்றவற்றுக்கு உண்டாகவில்லை. ஆகவே சத்துக் குறைவே காரணம் என்று பலர் கருதினர். நெய்யூரில் சோமர்வெல்லின் உடன் பணியாளராயிருந்த டாக்டர் ஓர் என்பவரும் உணவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்.

அதே டாக்டர் ஓர் செய்த மற்றொரு பணி குறிக்கத்தக்கது. கன்னத்தில் வரும் புற்றுநோய் நெய்யூருக்குப் புதிதன்று. அங்கு முன்னர்ப் பணியாற்றிய பெண்டல் என்பவர் திருவாங்கூரில் கண்ட புற்றுநோயாளர் 1,700 பேரின் விவரத்தைத் தொகுத்து 1908-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருந்தார். 1933-இல் ஓர், வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து மெல்வோரிடம் இந்நோய் மிகுவதை எடுத்துக்காட்டி லான்செட் இதழில் எழுதினார். தனி மருத்துவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் தாம் கண்ட நோயாளரை உள்ளத்தில் மடித்துவிடுவார் என்று கண்டோம். மருத்துவமனையின் பதிவேடோ மடிப்பதில்லை. எந்தக் கன்னத்தில் புண், எந்தப் பக்கம் அடக்கி மெல்வார், எத்தனை ஆண்டுப் பழக்கம் என்பதைச் சலிப்பின்றி எழுதி வைத்தால், கைக்குத் தெரியாத உண்மையும் ஏட்டில் தெரியும். வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் நம் பாட்டிமார் இதைச் சற்றே செவிமடுக்க வேண்டும். நாம் சொல்லிக் கேட்பார்களோ என்பது வேறு.

குன்மத்தின் கதைக்கு வருவோம். வயிற்றின் அமிலமே புண்ணுக்குக் காரணம் என்பது மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. அத்தகைய அமிலத்தில் கிருமி எதுவும் வாழாது என்பதும் அதனோடு ஒட்டிய நம்பிக்கை. வளைந்த கிருமிகளை இரைப்பையில் முன்னரே சிலர் கண்டதுண்டு, கண்டும் பொருட்படுத்தவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் அறிஞரும், வயதில் இளையவரும் துறைக்குப் புதியவருமான பாரி மார்ஷலும் 1982-இல் அக்கிருமியை வளர்த்துக் காட்டினர். வல்லுநர் நம்ப மறுத்தனர். 1984-இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி கண்டு, தம் கூற்றை மெய்ப்பித்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலான குன்மத்துக்கு வேர் அக்கிருமியே என்பது இன்று பாடநூல் செய்தி.

சோமர்வெல் ஆயிரக்கணக்கான வயிறுகளைத் திறந்து பார்த்தவர். புண்ணையும் தழும்பையும் அவரைவிட நன்கு அறிந்தோர் அந்நாளில் உலகில் சிலரே இருந்திருப்பர். அவ்வளவு கண்டும் கிருமியை அவர் ஐயுறவில்லை. இதை அவருக்குக் குறையாகச் சொல்லுதல் நேர்மையாகாது. அறுவை மருத்துவர் கண்ணுக்கு எட்டுவது குழாயும் அடைப்பும். அமிலமே பகை என்று கற்ற உள்ளம் அமிலத்தைக் குறைக்கும் வழியையே தேடும். இருபது ஆண்டுத் தேர்ச்சி அவரை விரைவாகவும் செம்மையாகவும் அவ்வழியில் நடத்தியது. அவ்வழிக்குப் புறத்தே நோக்கச் செய்யவில்லை. அதே வேளையில், அவர் அறுவையால் பசியாறிப் பிழைத்து, வயலுக்குத் திரும்பிப் பிள்ளைகளை வளர்த்தவர் எண்ணற்றோர். கிருமி தெரியும் வரை அவர்கள் காத்திருந்திருக்க இயலாது.

1949 முதல் 1961 வரை சோமர்வெல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவ இணைப் பேராசிரியராகப் பணியாற்றினார். கையில் தங்கிவிட்ட அறிவை வாயால் கற்பிப்பது எளிதன்று. தேர்ந்தவருக்கு வெளிப்படையாகத் தெரிவது மாணவருக்குத் தெரிவதில்லை. எதனால் தெரிந்தது என்று கேட்டால் தேர்ந்தவருக்கே விடை சொல்ல நேரமாகும். ஆதலால்தான் மருத்துவக் கல்வி இன்றும் நோயாளர் கட்டிலருகே நின்று, குருவின் கை போகும் திசையைப் பார்த்துக் கற்பதாகவே உள்ளது. வர்ம ஆசானின் களரியும் அவ்வாறே.

சிறப்புகள் பல அவரைத் தேடி வந்தன. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்டுக் குழுவினருக்கு 1924 குளிர்கால ஒலிம்பிக் விழாவில் வழங்கப்பட்ட பதக்கம், 1938-இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம், 1953-இல் பிரிட்டிஷ் அரசின் விருது, 1962 முதல் 1965 வரை லண்டன் மலையேறுவோர் கழகத் தலைமை. திபெத்தின் பழுப்பு நிலங்களையும் பனிமலைகளையும் அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள் பல இன்றும் காணக் கிடைக்கின்றன. ஓய்வு பெற்றுத் தாம் பிறந்த ஏரி நாட்டிலேயே வாழ்ந்து, 1975-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் ஆம்பிள்சைடில் மறைந்தார். அமிலத்தை அடக்கும் சிமெட்டிடின் மாத்திரை பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது அடுத்த ஆண்டில்.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது நெய்யூர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையே ஒரு கோடு விழுந்தது. நோயாளர் அக்கோட்டைப் பொருட்படுத்தாமல் இருபுறமும் சென்று வந்தனர், வருகின்றனர். கோட்டின் இப்பால், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த காரக்கோணத்தில், 2002-இல் மருத்துவக் கல்லூரி ஒன்று எழுந்தது. அதற்கு டாக்டர் சோமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி என்று பெயர். நம் எல்லைக் கிராமத்துக் குடும்பங்களுக்கு இன்று அது கூப்பிடு தூரம். குன்மம் என்று அங்குச் செல்வோருக்குக் குழாய்க் கருவியால் உள்ளே நோக்கிக் கிருமி உண்டா என்று சோதித்து, இருந்தால் இரு வாரம் உண்ண மாத்திரைகளை எழுதித் தருவதே இந்நாளைய மருத்துவ முறை. சோமர்வெல் நாள்தோறும் செய்த அந்த அறுவையை, அவர் பெயர் தாங்கிய கல்லூரியில் பயிலும் மாணவர் தம் படிப்புக் காலத்தில் அரிதாகவே காண்பர்.